கச்சான் அடித்த அன்றைக்கு

மூன்று நாளாய்க் கச்சான்.
காட்டின் மேலால் வந்து, புழுதியைத் தின்று,
வலை காயப் போட்டவனையும் சேர்த்துக் காயவைத்து
சிலாவத்தைக் கரையில் கடலுக்குள் இறங்குகிறது.
கீழே தண்ணீரோடு ஒட்டிய ஈரக் குளிர்,
மேலே இந்தச் சூடு.
நடுவில் ஒரு குழாய் உண்டாகும். கண்ணுக்குப் படாது.
உள்ளே விழுந்த அலை மேலே ஏற வழியின்றி
பூமியின் வளைவோடு வளைந்து போகும்.

எனக்கு அது கப்பல்களால் தெரியும்.

மற்ற நாளில் ஏழு கப்பல், எட்டுக் கப்பல்.
முப்பது கடல்மைலுக்கு அப்பால் உலகம் இல்லை.
ஒவ்வொன்றும் சில விநாடிக்கு ஒருமுறை
தன் பெயரை, நிற்கும் இடத்தை, போகும் திசையை
யாரும் கேளாமலே சொல்லிக்கொண்டு போகும்,
ஒன்றோடொன்று மோதாமலிருக்க.
எனக்காக அல்ல. நான் ஒட்டுக்கேட்கிறேன்,
மீன்காட்டி திருத்தும் கடையின் பின்னறையில்
பெருவிரல் அளவு ரேடியோ ஒன்றை
பழைய மடிக்கணினியில் செருகி.

இந்தக் கரையில் கம்பம் நட்டால் ஆள் வரும்.
வந்தார், முகாமிலிருந்து, ரத்நாயக்க.
குழாயில் பூட்டிய அலுமினியக் கம்பிகளை எண்ணினார்.
ஐந்து. கொப்பியில் எழுதினார்.
உரிமம் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது,
மூன்று முத்திரையோடு, நிரஞ்சலா என்ற என் பெயர் பிழையாக.
"எங்கட கப்பலும் இதில தெரியுமா?"
"உங்கட மட்டும்தான் தெரியாது.
நீங்கள் நிப்பாட்டி வைச்சிருக்கிறியள்."
சிரித்தார். அதையும் எழுதினார்.

இன்று நாலரைக்குப் பத்தொன்பது.
ஐந்தே காலுக்கு அறுபத்து மூன்று.
சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டவை, பிறகு கிருஷ்ணபட்டினம்,
பிறகு காக்கிநாடா வாசலில் ஓர் இழுவைப்படகு,
எண்ணூற்றெழுபது கிலோமீற்றருக்கு அங்கால்,
வேகம் பூச்சியம் என்கிறது.
அதன் ஓய்வுநேரம் என் மேசைக்கு வந்திருக்கிறது.

கப்பலின் அலைவரிசை நூற்று அறுபத்திரண்டு,
எங்களுடையது நூற்று நாற்பத்து நாலு, சற்றுக் கீழே.
அது வந்தால் இதுவும் போகலாம். போகாமலும் விடலாம்.
கூப்பிட்டேன். இரைச்சல்.
கம்பத்தை வடக்கே ஒரு விரல் திருப்பி
திரும்பக் கூப்பிட்டேன்.

பக்கத்து வீட்டில் இருமுவது போல ஒரு குரல்.
சூரிபாபு, காக்கிநாடா.
ஐந்து ஒன்பது, என்றார். ஐந்து ஒன்பது, என்றேன்.
சதுரம் கேட்டார்.
என்.ஜே. சுழியம் ஒன்பது.
எங்கள் ஆட்கள் பூமியைச் சதுரமாய் வெட்டி வைத்திருக்கிறார்கள்.
அந்த நாலு எழுத்துக்குள்
வட்டுவாகல் பாலம் கிடக்கிறது, நந்திக்கடல் கிடக்கிறது,
உப்புத்தண்ணீரில் கஞ்சி காய்ச்சிய மணல் கிடக்கிறது,
கப்பல் வரும், கப்பல் வரும் என்று
நாங்கள் பார்த்திருந்த அந்தப் பங்குனியும் சித்திரையும்.
அவர் எழுதிக்கொண்டார்.
தனக்கு இது புதுச் சதுரம் என்று சந்தோசப்பட்டார்.
காலநிலை எப்படி?
கச்சான், என்றேன்.
அந்தச் சொல்லுக்கு ஆங்கிலம் தேடவில்லை.

மெற்றில்டா அக்கா வாசலில் நின்றா.
றெஜினோல்ட் விடியப் போனது. கரையிலிருந்து தள்ளுகிற காற்று.
"உதில அவர் தெரியிறாரோ?"
திரையில் இருநூற்றுப் பன்னிரண்டு கப்பல்.
பதினெட்டு அடிப் படகில்
தன்னைச் சொல்லும் பெட்டி கிடையாது.
"இல்லை அக்கா."
"காக்கிநாடா தெரியுது."
"ஓம்."
அவ குனிந்து பார்த்தது காக்கிநாடாவை அல்ல,
எங்கள் கரைக்கு முன்னால் இருந்த வெறும் நீலத்தை.

எட்டு மணிக்குக் காற்று விழுந்தது.
கப்பல்கள் பத்துப் பத்தாய் அணைந்தன.
அவை எங்கேயும் போகவில்லை. நின்ற இடத்திலேயே
இன்னும் பெயர் சொல்லிக்கொண்டிருக்கும்.
ஒன்பது மீதி.

கொப்பியில் இன்றைய வரி:
கச்சான். 212. காக்கிநாடா, ஒரு தொடர்பு.
அதற்குக் கீழே, கட்டத்துக்கு வெளியே:
றெஜினோல்ட், இயந்திரச் சத்தம், தென்கிழக்கு, 9.20,
காதால்.